ஊஞ்சலுக்கு அடியில் என்ன இருக்கிறது? கோவைப் பூங்காக்களைத் திட்டமிடுவோருக்கும் பார்த்துக்கொள்வோருக்கும் ஒரு திறந்த மடல்

மாநகராட்சிப் பொறியியல் பிரிவினருக்கும், 100 வார்டுகளின் உறுப்பினர்களுக்கும், ரிசர்வ் சைட் (மனைப்பிரிவில் பொதுவுக்கென்று ஒதுக்கிய நிலம்) பூங்காக்களின் சாவியைக் கையில் வைத்திருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும் வணக்கமுங்க.

வரும் ஆண்டு பூங்காக்களுக்கு எவ்வளவு ஒதுக்கினாலும் சரி, அதில் முதல் பங்கை முகப்பு வளைவுக்கும் நீரூற்றுக்கும் ‘ஐ லவ் கோவை’ பலகைக்கும் எடுத்து வைத்துவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல். குழந்தை விழும் தரை, பெரியவர்கள் உட்காரும் நிழல், பக்கத்தில் ஒரு சுத்தமான கழிப்பறை. இவற்றுக்குச் செலவழித்தது போக மீதி இருந்தால் வளைவைக் கட்டுங்கள். பங்குனி மாதம், மாலை நான்கு மணி. ஒரு அம்மிச்சி மூன்று வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஆறு மணி வரை பதற்றமில்லாமல் அங்கே இருக்க அவரால் முடிகிறதா? ஒவ்வொரு திட்ட வரைபடத்தையும் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். பல வரைபடங்கள் இதில் தேறுவதில்லை.

ஊஞ்சலில் இருந்து தொடங்குகிறோம். அடிபடுவது பெரும்பாலும் விளையாட்டுச் சாமானால் அல்ல, அதிலிருந்து விழும் தரையால். ஊஞ்சலுக்கு அடியில் இறுகிய மண்ணோ பேவர் பிளாக்கோ இருந்தால் நாலடி உயரத்திலிருந்து விழும் குழந்தைக்குக் கை எலும்பு முறியும், தலை மோதினால் அதைவிட மோசம். கான்கிரீட்டின் மேல் ஒரு அங்குல ரப்பர் ஓடு ஒட்டிவிட்டால் பாதுகாப்பு ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆகவில்லை. ரப்பரின் கனம் எந்த உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் என்று சோதித்த சான்று இருக்க வேண்டும். டெண்டரில் ‘ரப்பர் தரை, இத்தனை சதுர அடி’ என்று மட்டும் எழுதினால் மெல்லிய ஓடுதான் வரும். ‘இத்தனை அடி உயர வீழ்ச்சிக்குச் சோதித்தது’ என்று எழுதுங்கள். கறுப்பு ரப்பர் வெயிலில் கொதிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடும் பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

செலவு குறைந்தது மணலும் மரச்சில்லும்தான். 9 அங்குல மணல் சுமார் 4 அடி உயர வீழ்ச்சிவரைதான் காக்கும். அதே 9 அங்குலம் மரச்சில்லு 7 அடிவரை காக்கும். இப்படித் தூவிப் போடும் பொருள் நாளாக ஆகக் கால்வாசி இறுகிவிடும், ஆகவே 9 அங்குலம் வேண்டுமென்றால் முதல் நாள் 12 அங்குலம் நிரப்ப வேண்டும். கல்லை உடைத்துச் செய்யும் எம்.சாண்ட் போடவே கூடாது. அதன் மணிகள் முனை உள்ளவை, தூளும் கலந்திருக்கும். இரண்டு மழை பெய்ததும் கெட்டித் தரையாகிவிடும்.

அளவும் சொல்லிவிடுகிறோம். ஊஞ்சலின் மேல் குழாய் தரையிலிருந்து 6 அடி என்றால், முன்னால் 12 அடி, பின்னால் 12 அடி, பக்கவாட்டில் கால்களிலிருந்து 6 அடி வீதம் மெத்தென்ற தரை வேண்டும். இரண்டு பலகை தொங்கும் 8 அடிச் சட்டம் ஒன்றுக்கு இது 24 அடிக்கு 20 அடி. ஓரடி ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் 480 கன அடி, அதாவது ஏறத்தாழ 5 யூனிட். ஒரு சட்டத்துக்கு இவ்வளவா என்று மலைக்கலாம். இவ்வளவு இடம் இல்லாத சைட்டில் ஊஞ்சலே வேண்டாம், சறுக்கு மட்டும் போதும். ஒரே சட்டத்தில் மூன்று, நான்கு பலகைகளைத் தொங்கவிடுவதையும் நிறுத்த வேண்டும். நடுவில் இருக்கும் பலகைக்கு ஓடும் குழந்தை பக்கத்துப் பலகையின் வீச்சுக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

நிரப்புவதற்கு முன் அடியில் 3 அங்குலம் முக்கால் ஜல்லி, அதன்மேல் தண்ணீர் இறங்கும் ஜியோ துணி, சுற்றிலும் வழுவழுப்பான விளிம்புக் கல். இது இல்லாமல் குழிதோண்டி மணல் கொட்டினால் ஐப்பசி மழைக்கு அது குட்டையாகும், கொசு முட்டையிடும். கரிசல் மண் உள்ள பகுதிகளில் தண்ணீர் கீழே இறங்கவே இறங்காது, துளைக் குழாய் போட்டு வெளியே எடுக்க வேண்டும். நிரப்பிய பிறகு ஊஞ்சல் பலகைக்கு நேர்கீழே காலால் உதைத்து உதைத்துப் பள்ளம் விழும். விழுந்தால் அடிபடுவதும் அந்த இடத்தில்தான். ஒருவர் மண்வாரியோடு காலையில் பத்து நிமிடம் இழுத்து நிரப்பினால் போதும், ஆனால் அது யார் வேலை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

மரச்சில்லுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று நம் ஊரில் ஆண்டுதோறும் கிளைகளை முறிக்கிறது. அதற்கு முன், சித்திரை வைகாசியில், காய்ந்த கிளைகளையும் இணைப்பு பலவீனமான கிளைகளையும் கழித்துவிட வேண்டும். கழித்த கிளைகளை லாரியில் ஏற்றிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பாமல், சில்லாக்கும் இயந்திரத்தில் விட்டு, ஒரு மாதம் உலர்த்தினால் பூங்காவின் தேவைக்குப் பூங்காவே கொடுக்கும். வேலிக்கருவேலன் போன்ற முள்மரமும் அரளி வகையும் அந்தக் குவியலில் சேரக்கூடாது. பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னை மட்டைச் சில்லையும் ஒரு பூங்காவில் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரைப் பிடித்து வைக்கும், காய்ந்தால் பீடி நெருப்புக்குப் பற்றும் என்ற இரண்டு குறைகளையும் மனதில் வைத்துப் போட வேண்டும்.

இனிச் சாமான்கள். ஊஞ்சல் அறுவது பெரும்பாலும் சங்கிலியின் நடுவில் அல்ல. மேலே மாட்டியிருக்கும் ‘எஸ்’ கொக்கி வாய் திறப்பதால், அல்லது அது உரசும் கண்ணி தேய்ந்து மெலிவதால். கொக்கியின் வாயில் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். சாயம் அடித்தால் தேய்மானம் மறைந்துவிடும், ஆகவே பொங்கலுக்கு வண்ணம் பூசுவதற்கு முன்னால் சோதனை, பின்னால் அல்ல. குழாய்க் கால் தரையைத் தொடும் இடம் இன்னொரு பலவீனமான இடம். கான்கிரீட் தரைமட்டத்துக்குக் கீழே குழிந்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயாக இருந்தாலும் சுற்றிலும் அரித்துவிடும். மேலே பளபளப்பாக இருக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல குழாய் கணீரென்று கேட்கும், அரித்தது மந்தமாகக் கேட்கும். கான்கிரீட்டை இரண்டு அங்குலம் மேலே தூக்கி, வெளிப்பக்கம் சரிவாக முடித்தாலே இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

போல்ட் முனை நட்டைத் தாண்டி இரண்டு மரைக்கு மேல் நீட்டக்கூடாது, தாண்டினால் அறுத்துவிட்டுத் தொப்பி நட் போட வேண்டும். அரைஞாண் கயிறும் கொலுசும் துப்பட்டாவும் மாட்டுவது இந்த முனைகளில்தான். ஏணிப் படி, கைப்பிடிக் கம்பி, மேடைத் தடுப்பு எதிலும் 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரை இடைவெளி இருக்கவே கூடாது. அந்த அளவுக்குள் குழந்தையின் உடல் கால்பக்கமாக நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். டெண்டர் வரைபடத்தைப் பார்க்கும்போது ஓர் அளவுகோலை எடுத்து இதை மட்டுமாவது பாருங்கள். சீசாவின் முனைகளுக்கு அடியில் பழைய டயரைப் பாதி புதைத்தால் முதுகுத்தண்டில் அதிர்ச்சி ஏறாது. டயரின் அடியில் துளை போடாவிட்டால் டெங்கு கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

சறுக்கு மேற்கே பார்த்து நிற்கக்கூடாது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நான்கு மணிக்கு வெயில் நேராக அந்தத் தகட்டில் விழும். எஃகோ எஃப்.ஆர்.பி.யோ (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்), புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாத தகட்டில் குழந்தையை உட்கார வைக்க முடியாது. கிழக்கே திருப்புங்கள், மேற்கில் ஒரு மரம் வையுங்கள். சரிவு சராசரியாக 30 பாகையைத் தாண்ட வேண்டாம். நாலடிக்குட்பட்ட சறுக்கின் கடைசி முனை தரையிலிருந்து 11 அங்குலத்துக்குள் இருக்கட்டும். எஃப்.ஆர்.பி. தகட்டில் வெடிப்பு விட்டால் கண்ணாடி இழை தொடையில் ஏறும், அதற்கு ஒட்டுப் போடுவது வீண்.

இதையெல்லாம் செய்ய ஆள் எங்கே என்ற கேள்வி கோவையில் எழவே கூடாது. பம்புசெட்டும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர் இது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஊஞ்சல் ஆடும் மூட்டில் மாட்டும் ஒரு புஷ்ஷைக் கடைந்து கொடுக்க அரைநாள் போதும். ஆனால் ஒவ்வொரு பூங்காவிலும் ஒவ்வொரு நிறுவனத்தின் சாமான், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு என்றால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? மாநகராட்சி முழுவதற்கும் ஒரே அளவு கொக்கி, ஒரே அளவு புஷ், ஒரே அளவு பலகை என்று வரைபடம் போட்டு நிர்ணயித்துவிடுங்கள். ஐந்து மண்டல அலுவலகங்களிலும் ஒரு பெட்டி நிறைய உதிரிப் பாகம் இருக்கட்டும். பழுதான ஊஞ்சலுக்குக் கயிறு கட்டி ‘பயன்படுத்தாதீர்’ என்று ஆறு மாதம் தொங்கவிடுவதைவிட இது எவ்வளவோ மலிவு. கயிறு கட்டினால் பிள்ளைகள் ஏறாமல் இருப்பார்கள் என்பதும் நடக்காத காரியம். ஒரு சாமானை நிறுத்துவதென்றால் பலகையைக் கழற்றி எடுத்துவிட வேண்டும்.

நிழலுக்கு வருவோம். கொரியன் புல்தரை புகைப்படத்தில் அழகு, கோடையில் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும், அதன்மேல் ‘புல்லை மிதிக்காதீர்’ பலகையும் வந்துவிடும். அந்தத் தண்ணீரில் பத்து மரம் வளரும். வேம்பு, புங்கன், மகிழம், பூவரசு, நாவல் எல்லாமே நம் மண்ணுக்குப் பழகியவை. நாவலை மட்டும் நடைபாதைக்கு மேல் வேண்டாம், பழம் விழுந்து வழுக்கும். மே மாதம் சிவந்து பூக்கும் மயில்கொன்றை அழகுதான், ஆனால் கிளை எளிதில் முறிவது, விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் குழி. தென்மேற்குப் பருவக்காற்று தணிந்து வடகிழக்கு மழை தொடங்கும்போது நட்டால் கன்று வேர்பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை 20 லிட்டர். இதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்க்காமல் நடுவிழா மட்டும் நடத்தினால் மாசியிலேயே குச்சிதான் மிஞ்சும். வளர்ந்த மரத்தின் அடியில் நாலடிக்கு நாலடி மண்ணைத் திறந்துவிடுங்கள். தண்டைத் தொட்டுக்கொண்டு பேவர் பிளாக் பதித்தால் மரம் மெல்லச் சாகும், கல்லையும் வேர் தூக்கும்.

அவசரமான ஒன்று: பொன்னரளியும் செவ்வரளியும் பூங்கா வேலியோரம் இன்னும் நடப்படுகின்றன. ஆடு மாடு மேயாது, தண்ணீர் கேட்காது என்பது காரணம். இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பொன்னரளிக் காயைப் பிள்ளைகள் விளையாட்டுச் சமையலுக்குப் பறிப்பார்கள். குன்றிமணிக் கொடியும் அப்படியே, சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும், உடைத்து மென்றால் உயிருக்கே ஆபத்து. சிறுவர் பூங்காவுக்குள் இருக்கும் இவற்றை வேரோடு எடுங்கள். அந்த இடத்தில் செம்பருத்தி, இட்லிப்பூ வைக்கலாம்.

கழிப்பறை பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுவதால்தான் அது மோட்டார் அறைக்குப் பின்னால், வெளிச்சமில்லாத மூலைக்குப் போகிறது. பெண்கள் அங்கே போகமாட்டார்கள், போகாததால் யாரும் சுத்தம் செய்யமாட்டார்கள், பிறகு பூட்டு விழும். நடைபாதையில் நடப்பவர் கண்ணுக்குக் கதவு தெரியும்படி கட்டுங்கள், உள்ளே தெரியாதபடி ஒரு மறைப்புச் சுவர் போதும். உள்ளே தாழ்ப்பாள், பை மாட்ட ஒரு கொக்கி, நாப்கின் போட மூடியுள்ள கூடை, முட்டி வலி உள்ளவருக்குக் கைப்பிடியோடு ஒரு வெஸ்டர்ன் பீங்கான், குழந்தை உயரத்தில் ஒரு வாஷ்பேசின், துணி மாற்ற ஒரு கல்மேடை. கூட்டம் வருவது மாலை ஐந்து முதல் எட்டு. காலையில் ஒருமுறை மட்டும் கழுவினால் பயனில்லை, நான்கு மணிக்கும் ஆறரைக்கும் கழுவ வேண்டும். ஞாயிறு மாலை 200 பேர் வந்தால், ஆளுக்கு 8 லிட்டர் வைத்தாலும் 1,600 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி 125-ஆவது ஆளோடு காலி. தண்ணீர் இல்லாத கழிப்பறைக்கு அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் திரும்பி வராது.

குடிநீர்த் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், 33 சதவீதக் குளோரின் உள்ளதாக இருக்க வேண்டும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறக்க வேண்டும். குழாய்முனையில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். பிரித்து வைத்த மூட்டை நாள்பட்டால் வீரியம் போய்விடும்.

பெரிய பூங்காக்களில் எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. 2010-இல் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த ஊருக்கு 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா பொருத்தமானதே. ரேஸ்கோர்ஸைச் சுற்றியுள்ள ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நடைபாதை போல இன்னும் நான்கு வந்தாலும் நல்லதுதான். ஆனால் அவை ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை. செவ்வாய்க்கிழமை மாலை ஒரு குழந்தை விளையாட வேண்டுமென்றால் பத்து நிமிடம் நடந்து போகும் தூரத்தில் இடம் வேண்டும். அந்த இடம் ரிசர்வ் சைட்டில் ஏற்கனவே இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு வார்டிலும் இந்த நிலங்களை அளந்து, வேலி போட்டு, பரப்பளவையும் பத்திர எண்ணையும் பலகையில் எழுதி வைத்தாலே ஆக்கிரமிப்பு நின்றுபோகும். நலச் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை: சாவி உங்களிடம் இருப்பது பூட்டி வைக்க அல்ல. மதியம் பூட்டினாலும் நான்கு மணிக்குத் திறந்துவிடுங்கள். அடுத்த தெருப் பிள்ளைகளையும் உள்ளே விடுங்கள்.

குளக்கரைகளைப் பற்றி. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் எல்லாம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையும் விளக்கும் பெற்றன. மாலையில் மக்கள் கூட்டமாக வருகிறார்கள், அது பெரிய வெற்றி. இனி செய்ய வேண்டியது மேற்குக் கரையில் மரம், உள்ளே வரும் சாக்கடையை வாயிலிலேயே நிறுத்துதல், தடுப்புக் கம்பிகளுக்கு இடையே 9 செ.மீ.க்குக் குறைவான இடைவெளி, படகுத்துறையில் குழந்தைகளின் எடைக்கேற்ற உயிர்காப்பு ஜாக்கெட். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே நழுவும். இனி எந்தக் குளத்தையும் முழுச்சுற்றும் கல் கட்டி அடைக்காதீர்கள். கோரையும் சேறும் உள்ள ஒரு பக்கம் இருந்தால்தான் நாரையும் கொக்கும் இறங்கும். சிங்காநல்லூர் குளத்தை 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். பிள்ளைகளுக்குப் பறவை காட்ட வெளியூர் போக வேண்டியதில்லை.

சுற்றிப் பார்க்கும் இடங்களில் குறை, இடங்கள் இல்லாதது அல்ல, தகவல் இல்லாதது. 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம், வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகமும் தாவரவியல் பூங்காவும், கொடிசியா பக்கம் மண்டல அறிவியல் மையம், அவினாசி சாலையில் கார் அருங்காட்சியகம். குழந்தைக்கு ஒரு முழு விடுமுறை வாரத்துக்குப் போதும். ஆனால் என்றைக்கு விடுமுறை, கட்டணம் எவ்வளவு, எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு டிக்கெட் நிறுத்துவார்கள் என்று காந்திபுரம், உக்கடம் பேருந்து நிலையங்களில் தமிழில் ஒரே ஒரு பலகை இருந்தால் என்ன? கோவைக் குற்றாலம் வெள்ளத்தின்போது மூடப்படுவது சரியான முடிவு. அதை வனத்துறையிடம் காலையிலேயே கேட்டு உக்கடத்திலும் பேரூரிலும் எழுதிப் போட்டால், குழந்தைகளோடு அத்தனை தூரம் போய் வாசலில் திரும்ப வேண்டியிராது. வ.உ.சி. பூங்காவில் இருந்த உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-இல் ரத்து செய்தது. அந்த இடத்தில் இனிக் கூண்டு வேண்டாம். ஊரின் நடுவில், நிழலோடு இருக்கும் அந்த நிலம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு தனி விளையாட்டுத் திடலுக்கு மிகப் பொருத்தம்.

கடைசியாக ஒப்பந்தம். கட்டுவதற்கு ஒரு டெண்டர், பராமரிப்புக்குப் பிறகு பார்க்கலாம் என்ற வழக்கத்தை மாற்றி, இரண்டையும் ஒரே ஒப்பந்தமாக மூன்று ஆண்டுக்குப் போடுங்கள். பராமரிப்புத் தொகையை மாதாமாதம், சோதனைப் பதிவேட்டைப் பார்த்த பிறகே விடுவியுங்கள். தினமும் மண்வாரி, வாரம் ஒருமுறை கொக்கியும் போல்ட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தியல் சோதனை, சித்திரையில் கிளை கழிப்பு. பதிவேட்டை அலுவலகத்தில் வைக்காமல் பூங்கா வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி, பக்கத்தில் மண்டல உதவிப் பொறியாளர் அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். வார்டுக்கு ஒரு பூங்கா என்று தேர்ந்து முதலில் இதைச் செய்யத் தயாராக இருந்தால், சுத்தியலோடும் அளவுகோலோடும் வந்து உங்கள் பணியாளர்களுக்குச் செய்து காட்ட நாங்கள் தயார். கோடை விடுமுறை தொடங்கும் முன் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பூங்கா வேலைகளில் இருக்கும் தோட்டக்காரர்கள், வெல்டர்கள், சிவில் மேஸ்திரிகள் சிலர்,
கோயம்புத்தூர்.